ஆர் மென்பொருளில் தரவை ஏற்றுவதும் பார்ப்பதும்: புதியவர்களுக்கான வழிகாட்டி

புள்ளியியல் மென்பொருளைப் புதிதாகக் கற்க வருபவர்கள் முதல் நாளிலேயே சராசரியையும் வரைபடத்தையும் எடுத்துவிட ஆசைப்படுகிறார்கள். தரவு சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவிட வேண்டிய பத்து நிமிடங்கள் அந்த ஆசையில் விடுபட்டுப் போகின்றன. கோப்பை ஏற்றும்போது சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்தால் அதைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் அந்தத் தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. எந்தச் செய்தியும் இல்லாமல், பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தவறாக ஏறிவிடும் தரவுதான் பின்னால் வரும் கணக்குகள் அனைத்தையும் கெடுக்கிறது. ஆகவே இக்கட்டுரை தரவை எப்படி ஏற்றுவது என்பதைச் சொல்வதோடு, ஏறியதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதற்கு அதைவிடக் கூடுதலான இடம் தருகிறது.

நான் எடுத்துக்கொண்டிருப்பது ஆர் என்னும் மென்பொருள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் 1990களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார்கள்; இதன் 1.0.0 பதிப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. இதை யாரும் கட்டணமின்றித் தரவிறக்கிப் பயன்படுத்தலாம். ஆர்ஸ்டூடியோ என்பது ஆர் மென்பொருளை வசதியாகக் கையாள உதவும் தனியொரு செயலி. அது தானாகக் கணக்குப் போடுவதில்லை என்பதால் முதலில் ஆர், அதன் பிறகு ஆர்ஸ்டூடியோ என்ற வரிசையில் நிறுவிக்கொள்ளுங்கள்.

கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களைத் தனியே குறிப்பிடுகிறேன். ஆர் மென்பொருளுக்குச் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு. புதியவர்களைத் தடுமாற வைக்கும் பிழைச்செய்திகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தால் வருபவை என்றே சொல்லத் தோன்றுகிறது.

திரையை அறிந்துகொள்ளுதல்

ஆர்ஸ்டூடியோவைத் திறந்ததும் இடப்பக்கம் கன்சோல் என்னும் பகுதி தெரியும். அங்கே > என்ற குறிக்குப் பக்கத்தில் கட்டளையை அடித்து என்டர் விசையை அழுத்தினால் விடை உடனே கீழே வரும். அந்தக் குறிக்குப் பதிலாக + குறி தோன்றினால், நீங்கள் திறந்த அடைப்புக்குறியையோ மேற்கோள் குறியையோ இன்னும் மூடவில்லை, மென்பொருள் அதற்காகக் காத்திருக்கிறது என்று பொருள். எஸ்கேப் விசையை அழுத்தி வெளியே வந்து மறுபடியும் அடியுங்கள்.

கன்சோலில் நேரடியாக அடித்துப் பழகுவதைவிட, ஃபைல் பட்டியலில் புதிய ஆர் ஸ்கிரிப்ட் ஒன்றைத் திறந்து, கட்டளைகளை அதில் எழுதி, ஒவ்வொரு வரியாகக் கன்ட்ரோல், என்டர் விசைகளைச் சேர்த்து அழுத்தி இயக்குவதே நல்ல பழக்கம். கன்சோலில் அடித்தது மேலே நகர்ந்து மறைந்துவிடும். ஸ்கிரிப்டில் எழுதியது கோப்பாகச் சேமிக்கப்பட்டு, ஆறு மாதம் கழித்தும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை உங்களுக்கே சொல்லும்.

முதல் பயிற்சி: உள்ளேயே இருக்கும் தரவு

சொந்தக் கோப்பை ஏற்றுவதற்கு முன், மென்பொருளோடு சேர்ந்தே வரும் தரவுத்தொகுப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். டேட்டா() என்று அடித்தால், அப்படி உள்ளே இருக்கும் தொகுப்புகளின் பட்டியல் வரும். ஐரிஸ் என்பதில் மூன்று இனங்களைச் சேர்ந்த 150 பூக்களின் அளவுகள் இருக்கின்றன; எம்டிகார்ஸ் என்பதில் 32 கார்களின் விவரங்கள் இருக்கின்றன. புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இவ்விரண்டும் அல்ல, ஏர்குவாலிட்டி என்னும் தொகுப்பு. முதல் இரண்டிலும் எந்தக் கட்டமும் காலியாக இல்லை. நிஜ உலகத்துத் தரவு அப்படி வருவதில்லை. ஏர்குவாலிட்டியில் விடுபட்ட மதிப்புகள் இருக்கின்றன என்பதே அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம்.

ஏர்குவாலிட்டி என்று பெயரை மட்டும் அடித்து என்டரை அழுத்தினால் முழு அட்டவணையும் கன்சோலில் ஓடி முடியும். ஓடிய வேகத்தில் கடைசிப் பகுதி மட்டும்தான் கண்ணில் நிற்கும். ஆகவே இப்படி அடியுங்கள்:

ஹெட்(ஏர்குவாலிட்டி)

இது முதல் 6 நிரைகளை மட்டும் காட்டும். குறுக்கே ஓடுவது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல். ஒவ்வொரு நிரையும் ஒரு நாள். ஒவ்வொரு நிரலும் அந்த நாளில் அளந்த ஒரு மாறி. முதல் நிரையில் 41, 190, 7.4, 67, 5, 1 என்ற எண்கள் இருக்கும். ஐந்தாவது நிரையின் முதல் இரண்டு இடங்களில் எண்ணுக்குப் பதிலாக என்ஏ என்ற இரண்டு பெரிய எழுத்துகள் நிற்கும். அந்த இடத்தில் அளவு கிடைக்கவில்லை என்பதை ஆர் இப்படித்தான் குறிக்கிறது. ஹெட்(ஏர்குவாலிட்டி, 10) என்றால் 10 நிரைகள் வரும். டெய்ல்(ஏர்குவாலிட்டி) கடைசி 6 நிரைகளைக் காட்டும். கடைசி நிரைகளைப் பார்க்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். விரிதாளின் அடியில் யாரோ எழுதிவைத்த கூட்டுத்தொகை வரியோ விளக்கக் குறிப்போ தரவோடு சேர்ந்து ஏறியிருந்தால், அது அங்கேதான் தென்படும்.

அடுத்து டிம்(ஏர்குவாலிட்டி) என்று அடியுங்கள். விடை 153, 6 என்று வரும், அதாவது 153 நிரைகள், 6 நிரல்கள். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே கடந்து போய்விடாதீர்கள். இது 1973ஆம் ஆண்டு மே மாதம் முதல் செப்டம்பர் வரை நியூயார்க் நகரில் நாள்தோறும் எடுத்த காற்றுத்தர அளவுகள். மே 31 நாள், ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30, கூட்டினால் 153. மென்பொருள் சொன்ன எண்ணும், தரவைப் பற்றி நாம் வெளியே அறிந்த எண்ணும் ஒத்துப்போகின்றன. எந்தத் தரவை ஏற்றினாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான்: எத்தனை நிரைகள் இருக்க வேண்டும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், ஏறியதும் அதனோடு ஒப்பிட வேண்டும்.

கட்டமைப்பைப் பார்த்தல்

ஒரே ஒரு கட்டளையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்று யாராவது சொன்னால், நான் அவருக்குக் கொடுப்பது எஸ், டி, ஆர் (str) என்ற மூன்று எழுத்துகளால் ஆன கட்டளையைத்தான்:

எஸ்டிஆர்(ஏர்குவாலிட்டி)

இது நிரை, நிரல் எண்ணிக்கையைச் சொல்லும். அதோடு ஒவ்வொரு நிரலின் பெயர், அதன் வகை, முதல் சில மதிப்புகள் ஆகியவற்றை ஒரு வரிக்கு ஒன்றாக அடுக்கித் தரும். ஓசோன், சோலார்.ஆர், டெம்ப், மந்த், டே ஆகிய நிரல்களுக்கு எதிரே முழு எண் என்பதைக் குறிக்கும் இன்ட் என்ற சுருக்கமும், விண்ட் என்ற நிரலுக்கு எதிரே தசம எண்ணைக் குறிக்கும் நம் என்ற சுருக்கமும் இருக்கும். சொற்கள் அடங்கிய நிரலாக இருந்தால் சி, எச், ஆர் என்ற மூன்றெழுத்துச் சுருக்கம் வரும். எண்கள் மட்டுமே இருக்க வேண்டிய நிரலுக்கு எதிரே அந்த மூன்றெழுத்து நின்றால், உள்ளே எங்கோ எண்ணல்லாத ஒன்று புகுந்திருக்கிறது. ஒரே ஒரு கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தாலும், ஆயிரத்தைப் பிரிக்கும் காற்புள்ளியோடு 1,250 என்று எழுதியிருந்தாலும், அந்த நிரல் முழுவதையும் ஆர் சொற்களாகவே எடுத்துக்கொள்ளும்.

பிறகு சம்மரி(ஏர்குவாலிட்டி) என்று அடித்தால், ஒவ்வொரு நிரலுக்கும் மிகச் சிறிய மதிப்பு, கால்மானங்கள் (வரிசைப்படுத்திய மதிப்புகளை நான்கு சம பகுதிகளாகப் பிரிக்கும் எண்கள்), இடைநிலை (அந்த வரிசையின் நடுவில் வரும் மதிப்பு), சராசரி, மிகப் பெரிய மதிப்பு, விடுபட்டவற்றின் எண்ணிக்கை ஆகியவை வரும். ஓசோன் நிரலில் 37 மதிப்புகளும் சோலார்.ஆர் நிரலில் 7 மதிப்புகளும் விடுபட்டிருப்பது இதில் தெரியும். டெம்ப் என்ற வெப்பநிலை நிரலில் மிகச் சிறியது 56, மிகப் பெரியது 97. செல்சியஸ் அளவில் பழகிய ஒருவர் 97 என்பதைப் பார்த்ததும் திடுக்கிட வேண்டும். திடுக்கிடவில்லை என்றால் அவர் எண்களைப் பார்க்கவில்லை, கடந்து போயிருக்கிறார். ?ஏர்குவாலிட்டி என்று முன்னால் வினாக்குறி இட்டு அடித்தால் வலப்பக்கம் கீழே உதவிப் பக்கம் திறக்கும். வெப்பநிலை லாகார்டியா விமான நிலையத்தில் ஃபாரன்ஹீட் அளவில் எடுக்கப்பட்டது என்றும், சூரியக் கதிர்வீச்சு சென்ட்ரல் பூங்காவிலும் ஓசோன் ரூஸ்வெல்ட் தீவிலும் அளக்கப்பட்டவை என்றும் அங்கே எழுதியிருக்கும். 97 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது ஏறக்குறைய 36 டிகிரி செல்சியஸ். இப்போது அந்த எண் இயல்பானதாகிவிடுகிறது. அலகு எது என்று தெரியாமல் ஒரு நிரலைப் பயன்படுத்தத் தொடங்காதீர்கள்.

கண்ணால் பார்த்தல்

விரிதாள்போல் முழு அட்டவணையையும் பார்க்க வியூ என்ற கட்டளை இருக்கிறது. இதன் முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும்.

வியூ(ஏர்குவாலிட்டி)

ஆர்ஸ்டூடியோவில் இது தனித் தாவலாகத் திறக்கும். நிரலின் தலைப்பைச் சொடுக்கினால் அந்த நிரலின்படி வரிசைப்படும். ஃபில்டர் பொத்தானை அழுத்தினால் குறிப்பிட்ட மதிப்புகளை மட்டும் வடித்துப் பார்க்கலாம். இவையெல்லாம் பார்வைக்கு மட்டுமே. உள்ளே இருக்கும் தரவின் வரிசை மாறுவதில்லை, எந்த மதிப்பையும் அங்கே திருத்தவும் முடியாது. இதைக் குறையாகச் சிலர் சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கட்டத்தைச் சொடுக்கிக் கைபோன போக்கில் திருத்தினால் அந்தத் திருத்தத்துக்கு எந்தத் தடயமும் இருக்காது, கட்டளையாக எழுதித் திருத்தினால் அது ஸ்கிரிப்டில் நிற்கும்.

ஒரு நிரலை மட்டும் எடுக்க, தொகுப்பின் பெயருக்கும் நிரலின் பெயருக்கும் நடுவே $ குறியை இட வேண்டும். நிரலின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கினால் அப்படியே அடிக்க வேண்டும். ஏர்குவாலிட்டியின் ஆறு நிரல்களும் அப்படித்தான் தொடங்குகின்றன. டேபிள்(ஏர்குவாலிட்டி$மந்த்) என்பது ஒவ்வொரு மாதத்துக்கும் எத்தனை நிரைகள் என்று எண்ணித் தரும்: 31, 30, 31, 31, 30. மீன்(ஏர்குவாலிட்டி$ஓசோன்) என்று சராசரி கேட்டால் விடையாக என்ஏ மட்டுமே வரும். புதியவர்கள் இதை மென்பொருளின் கோளாறு என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில், 37 நாள்களின் அளவு தெரியாதபோது 153 நாள்களின் சராசரியும் தெரியாது என்று மென்பொருள் நேர்மையாகச் சொல்கிறது. விடுபட்டவற்றை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட வேண்டும் என்பதை நாம்தான் எழுதித் தர வேண்டும்:

மீன்(ஏர்குவாலிட்டி$ஓசோன், என்ஏ.ஆர்எம் = ட்ரூ)

இதில் ட்ரூ என்பதை முழுவதும் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும், என்ஏ.ஆர்எம் முழுவதும் சிறிய எழுத்து. விடை ஏறக்குறைய 42.13 என்று வரும். அது அளவு கிடைத்த 116 நாள்களின் சராசரி. அறிக்கையில் எழுதும்போது அந்த 116 என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

உங்கள் சொந்தக் கோப்பை ஏற்றுதல்

இனி உங்கள் கோப்புக்கு வருவோம். தரவு விரிதாளில் இருந்தால் அதைச் சிஎஸ்வி கோப்பாகச் சேமிப்பது எளிய வழி. மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் வெறும் எழுத்துக்கோப்புதான் சிஎஸ்வி. சேமிக்கும் முன், முதல் நிரையில் நிரல்களின் பெயர்கள் மட்டும் இருக்கும்படி பாருங்கள். மேலே பெரிய தலைப்பு, இணைத்த கட்டங்கள், நடுவே வெற்று நிரைகள் ஆகியவை இருந்தால் ஒரு படியெடுத்து அந்தப் படியில் நீக்கிவிடுங்கள். தரவில் தமிழ் எழுத்துகள் இருந்தால் எக்செல் செயலியில் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் வினாக்குறிகளாக மாறிவிடக்கூடும், அப்படி மாறிய கோப்பிலிருந்து மூல எழுத்துகளை மீட்கவே முடியாது. தமிழில் தரவு சேகரிப்பவர்கள் இந்த ஒரு படியை மறக்காமல் இருந்தால் எவ்வளவோ உழைப்பு மிஞ்சும்.

கோப்பு ஆய்வு.சிஎஸ்வி என்ற பெயரில் இருப்பதாகக் கொள்வோம். ஏற்றும் கட்டளை இது:

தரவு <- ரீட்.சிஎஸ்வி("ஆய்வு.சிஎஸ்வி")

இடப்பக்கம் இருப்பது ஏற்றிய தரவுக்கு நாம் வைக்கும் பெயர். நடுவே இருக்கும் அம்புக்குறி, வலப்பக்கம் வருவதை அந்தப் பெயரில் வைத்துக்கொள் என்கிறது. உங்கள் கோப்புக்கும் தரவுக்கும் ஆங்கில எழுத்தில் இடைவெளியில்லாத சிறு பெயர்களை வைத்துக்கொண்டால் தொல்லை குறையும். மேற்கோள் குறிகள் நேரானவையாக இருக்க வேண்டும். எழுத்துச் செயலியிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது வளைந்த குறிகள் வந்துவிடும், அவற்றை ஆர் ஏற்காது.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் சந்திக்கும் பிழை, கோப்பைத் திறக்க முடியவில்லை என்பதுதான். கெட்.டபிள்யூடி என்பதை இடையில் புள்ளியில்லாமல் ஜி, இ, டி, டபிள்யூ, டி (getwd) என்ற ஐந்து எழுத்துகளாக அடித்து, வெற்று அடைப்புக்குறி இட்டால், ஆர் இப்போது எந்தக் கோப்புறையில் தேடுகிறது என்று சொல்லும். லிஸ்ட்.ஃபைல்ஸ்() என்றால் அந்தக் கோப்புறையில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று காட்டும். உங்கள் கோப்பு அதில் இல்லையென்றால், ஆர்ஸ்டூடியோவில் புதிய புராஜெக்ட் ஒன்றை உருவாக்கி, அதன் கோப்புறைக்குள் கோப்பை வைத்துவிடுவதே நிரந்தரத் தீர்வு. முழு முகவரியை எழுதுவதானால் விண்டோஸ் காட்டும் பின்சாய்வுக் கோட்டை அப்படியே இடாமல் / என்ற முன்சாய்வுக் கோட்டை இடுங்கள்.

கட்டளை எழுதத் தயங்குபவர்களுக்கு, வலப்பக்கம் மேலே இருக்கும் இம்போர்ட் டேட்டாசெட் என்ற பொத்தான் உதவும். எக்செல் கோப்புகளையும், எஸ்பிஎஸ்எஸ், சாஸ், ஸ்டேட்டா ஆகிய பிற புள்ளியியல் மென்பொருள்களின் கோப்புகளையும் அது ஏற்றும். இவற்றுக்கு ரீட்எக்செல், ஹேவன் என்ற கூடுதல் தொகுதிகள் வேண்டும்; இல்லையென்றால் நிறுவட்டுமா என்று அதுவே கேட்கும். ஏற்றும் சாளரத்தின் அடியில் அதற்குரிய கட்டளை எழுத்தாகத் தெரியும். அதை நகலெடுத்து ஸ்கிரிப்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சத்தமில்லாமல் நேரும் தவறுகள்

ஏற்றிய உடனே டிம், எஸ்டிஆர், ஹெட், டெய்ல், சம்மரி ஆகிய ஐந்தையும் இயக்குங்கள். நிரல் எண்ணிக்கை 1 என்று வந்தால், கோப்பில் மதிப்புகளைப் பிரிப்பது காற்புள்ளி அல்ல, பெரும்பாலும் அரைப்புள்ளியாக இருக்கும், ரீட்.சிஎஸ்வி2 என்ற கட்டளை அதற்காகவே இருக்கிறது. அது காற்புள்ளியைத் தசமப் புள்ளியாகக் கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம். உண்மையான மதிப்புகளே நிரல்களின் பெயர்களாக நின்றால் உங்கள் கோப்பில் தலைப்பு நிரை இல்லை; ஹெடர் = ஃபால்ஸ் என்பதைக் கட்டளையில் சேர்க்க வேண்டும், ஃபால்ஸ் முழுவதும் பெரிய எழுத்தில். முதல் நிரலின் பெயருக்கு முன்னால் விநோதமான குறிகள் ஒட்டிக்கொண்டிருந்தால், அவை யுடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அடையாளம். ஃபைல்என்கோடிங் (fileEncoding, நடுவே E மட்டும் பெரிய எழுத்து) என்ற அளபுருவுக்கு, அதாவது கட்டளையின் அடைப்புக்குறிக்குள் தரும் கூடுதல் குறிப்புக்கு, "யுடிஎஃப்-8-பிஓஎம்" என்ற மதிப்பை முழுவதும் பெரிய எழுத்தில் தந்தால் அது நீங்கும்.

அடையாள எண்கள் பூச்சியத்தில் தொடங்கினால் தனிக் கவனம் வேண்டும். 00417 என்பதை எண்ணாக எடுத்துக்கொண்டால் அது 417 ஆகிவிடும், பிறகு வேறொரு கோப்போடு இணைக்கும்போது பொருந்தாது. இத்தகைய நிரல்களைச் சொற்களாகவே படிக்கும்படி கோல்கிளாசஸ் (colClasses, நடுவே C மட்டும் பெரிய எழுத்து) என்ற அளபுருவால் சொல்ல வேண்டும். சிஎஸ்வி கோப்பை ஒரு முறை எக்செல்லில் திறந்து சேமித்தாலே இந்தப் பூச்சியங்கள் போய்விடும் என்பதால், மூலக்கோப்பை அதில் திறந்து பார்க்கும் பழக்கத்தையே நான் தவிர்க்கச் சொல்வேன். எக்செல் சில சொற்களைத் தேதியாகவும் மாற்றிவிடுகிறது. அதனால் ஏற்பட்ட குழப்பம் தாங்காமல் 2020இல் சில மனித மரபணுக்களின் பெயர்களையே மாற்றி வைத்தார்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது, விடுபட்ட மதிப்புக்குப் பதிலாக எண் ஒன்றை எழுதிவைப்பது. கணக்கெடுப்புகளில் பதில் கிடைக்காத இடத்தில் 999 என்றோ -99 என்றோ இடும் வழக்கம் உண்டு. ஒன்பது பேரின் வயது 30, பத்தாவது ஆளின் வயது தெரியாமல் 999 என்று வைத்துக்கொள்ளுங்கள், சராசரி 126.9 என்று வரும். பத்துப் பேர் என்பதால் இது உடனே கண்ணில் படுகிறது. ஆயிரக்கணக்கான நிரைகளில் இரண்டு மூன்று மட்டும் இருந்தால், சராசரி சற்றே உயர்ந்து, நம்பத்தக்க எண்ணாகவே தோன்றி ஏமாற்றிவிடும். சம்மரி காட்டும் மிகப் பெரிய மதிப்பிலும் மிகச் சிறிய மதிப்பிலும் அது பிடிபடும். ஏற்றும்போதே இப்படிச் சொல்லிவிட்டால் போதும்:

தரவு <- ரீட்.சிஎஸ்வி("ஆய்வு.சிஎஸ்வி", என்ஏ.ஸ்ட்ரிங்ஸ் = சி("என்ஏ", "999", "-99"))

ஆனால் இது எல்லா நிரல்களுக்கும் பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள். ஏதாவது ஒரு நிரலில் 999 என்பது உண்மையான மதிப்பாக இருக்க வாய்ப்பிருந்தால், இந்த வழியை விட்டுவிட்டு உரிய நிரலில் மட்டும் மாற்றுங்கள்.

சேமித்தலும் மூடுதலும்

திருத்திய தரவைச் சேமிக்கும்போது மூலக்கோப்பின் மேல் எழுதாதீர்கள். வேறொரு பெயரில் எழுதுங்கள்:

ரைட்.சிஎஸ்வி(தரவு, "ஆய்வு_திருத்தியது.சிஎஸ்வி", ரோ.நேம்ஸ் = ஃபால்ஸ்)

கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் நிரை எண்கள் தனி நிரலாகக் கோப்பில் சேர்ந்து, அடுத்த முறை ஏற்றும்போது எக்ஸ் என்ற பெயரில் உங்களுக்குத் தேவையில்லாத நிரல் ஒன்று முளைத்திருக்கும்.

ஆர்ஸ்டூடியோவை மூடும்போது, நினைவகத்தில் இருப்பவற்றைச் சேமிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஸ்கிரிப்டை மட்டும் சேமியுங்கள். மறுநாள் வெற்று நினைவகத்தோடு திறந்து, ஸ்கிரிப்டை முதல் வரியிலிருந்து இயக்கி, டிம் தரும் இரண்டு எண்களும் நேற்று வந்தவையேதானா என்று பார்த்த பிறகு கணக்குகளைத் தொடங்குங்கள்.